ஒரு பென்னி அஞ்சல்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளிலிருந்து வெளியூருக்குப் புறப்படும் பொதியின்மீது ஓர் ஒட்டுச்சீட்டு இருக்கும். புறப்பட்ட இடம், நாள், செலுத்திய கட்டணம் ஆகியவற்றை அது சொல்லிவிடும். அனுப்புபவரே முன்னதாகக் கட்டணம் செலுத்துவது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே பணம் தரவேண்டும். தர இயலாதவர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடவேண்டும். அம்முறையை மாற்றியவர் ரோலண்டு ஹில்.

அவர் 1795 டிசம்பர் 3 அன்று கிட்டர்மின்ஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். வீட்டில் வறுமை நிலவியது. கையில் காசில்லாத நாளில் கடிதம் வந்துவிடுமோ என்று தாயார் அஞ்சியதுண்டு. அஞ்சல் கட்டணத்துக்காகக் கந்தைத் துணிகளை விற்றுவரச் சிறுவன் ரோலண்டு அனுப்பப்பட்டான். பின்னாளில் அவர் செய்த கணக்குகள் அனைத்திற்கும் வித்து அந்தத் துணி மூட்டையில் இருந்தது எனலாம்.

இளமையில் தந்தையின் பள்ளியிலேயே ஆசிரியரானார். 1827இல் லண்டனுக்கு அருகிலுள்ள டாட்டன்ஹாமில், புரூஸ் கோட்டை என்னும் மாளிகையில் பள்ளி நடத்தினார். பிறகு தெற்கு ஆஸ்திரேலியக் குடியேற்ற ஆணையத்தின் செயலாளராகப் பணியாற்றினார். அஞ்சல்துறைக்குள் ஒருநாளும் பணிபுரியாத அவர், அத்துறையின் அறிக்கைகளைத் தாமே தேடிப் படித்தார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைக் கொண்டுசெல்ல ஆகும் உண்மையான செலவு, ஒரு பென்னியின் முப்பத்தாறில் ஒரு பங்கே என்று கண்டார். மக்களிடம் பெற்றதோ ஒரு ஷில்லிங்குக்கும் மேல். அதாவது பன்னிரண்டு பென்னிக்கும் அதிகம். தொலைவைக் கணக்கிடுவதும், தாள்களை எண்ணுவதும், வீட்டுவாசலில் காசுக்காகக் காத்து நிற்பதுமே செலவைப் பெருக்கின என்பது அவர் முடிவு. தொலைவு எதுவாயினும் அரை அவுன்சுக்கு ஒரு பென்னி, அதுவும் முன்பணமாக என்று 1837இல் வெளியிட்ட சிறுநூலில் முன்மொழிந்தார்.

ஏழைப் பெண்ணொருத்தி, உறையின்மேலிருந்த குறியைப் பார்த்துச் செய்தியறிந்துகொண்டு கடிதத்தைத் திருப்பித் தந்ததை ஹில் நேரில் கண்டார் என்றொரு கதை வழங்குகிறது. அது உண்மையில் கவிஞர் கோல்ரிட்ஜுடன் தொடர்புடைய நிகழ்ச்சி. புகழ்பெற்றவர்மீது பிறர் கதைகள் ஏறிக்கொள்வது புதிதன்று. ஒட்டும் தலையை முதலில் எண்ணியவர் டண்டீ நகர அச்சகத்தார் ஜேம்ஸ் சால்மர்ஸே என்று அவர் மகன் பின்னர் வழக்காடினார். தலையை யார் எண்ணியிருந்தாலும், அதைத் தாங்கிய கட்டணமுறையை வகுத்தவர் ஹில் என்பதில் ஐயமில்லை.

துறை அலுவலர்கள் எதிர்த்தனர், வணிகர்கள் ஆதரித்தனர். 1840 ஜனவரி 10 அன்று பென்னி அஞ்சல் நடைமுறைக்கு வந்தது. மே 6 முதல் விக்டோரியா அரசியின் உருவம் தாங்கிய கருநிற அஞ்சல்தலை செல்லுபடியாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில் ஏறத்தாழ 7 கோடியே 60 லட்சமாக இருந்த கடிதங்கள் அவ்வாண்டில் 17 கோடியை நெருங்கின.

உடனே ஒரு சிக்கல் எழுந்தது. தலையை மறுமுறை பயன்படுத்தாமலிருக்கச் சிலுவை வடிவ முத்திரையைச் சிவப்பு மையில் குத்தினர். அந்த மையை மக்கள் கழுவி நீக்கிவிட்டனர்! ஹில் பலவகை மைகளைச் சோதித்தார். 1841இல் முறை மாறியது: முத்திரை மை கருமையாயிற்று, தலை செந்நிறமாயிற்று. சிலுவை முத்திரைகள் கையால் செதுக்கப்பட்டவை. ஆதலால் ஊருக்கு ஊர் சற்றே வேறுபட்டன. சில அஞ்சலகத் தலைவர்கள் விதிமுறையைப் பொருட்படுத்தாமல் நீலம், ஊதா எனத் தம் விருப்பப்படி மை கலந்தனர். அன்றைய மேலதிகாரிகளுக்கு அது ஒழுங்கீனம். இன்றைய சேகரிப்பாளர்களுக்கோ ஊரை அடையாளங்காட்டும் சான்று. 1844இல் ஒவ்வோர் ஊருக்கும் எண் வழங்கப்பட்டபின் அவ்வேறுபாடுகள் குறைந்தன.

வெற்றி கண்ட ஹில்லை 1842இல் அரசு பணியிலிருந்து நீக்கியது. எதிர்பார்த்த வருவாய் உடனே வராததும், புதிய ஆட்சியின் விருப்பமின்மையும் காரணங்கள். அவர் பிரைட்டன் இருப்புப்பாதை நிறுவனத்தின் தலைவராகிச் சில ஆண்டுகளைக் கழித்தார். 1846இல் ஆட்சி மாறியபோது மீண்டும் அழைக்கப்பட்டார். 1854இல் அஞ்சல்துறைச் செயலாளரானார்.

அதே 1854இல் அவருடைய கொள்கை இந்தியாவுக்கும் வந்தது. அதுவரை தொலைவுக்கேற்ப மாறிய கட்டணத்துக்குப் பதிலாக, அக்டோபர் 1 முதல் கால் தோலா எடையுள்ள கடிதம் இந்நாட்டின் எந்த மூலைக்கும் அரையணாவில் சென்றது. சென்னை வட்டத்து முத்திரைகள் சிலவற்றில் சி என்னும் ஆங்கில எழுத்தும் அஞ்சலகத்தின் எண்ணும் இருந்தன. வங்காள வட்டத்துக்கு பி. அந்நாளில் இந்திய அஞ்சலின்கீழ் இருந்த சிங்கப்பூரின் முத்திரையில் பி 172 எனப் பொறித்திருந்தனர். மங்கிய உறையொன்றில் அவ்வெண்ணைக் காண்பவர், அது சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டதென முகவரியைப் படிக்காமலே அறியலாம்.

ஹில் 1860இல் சர் பட்டம் பெற்றார். உடல்நலக் குறைவாலும், மேலதிகாரியுடன் நேர்ந்த கருத்து வேறுபாட்டாலும் 1864இல் ஓய்வு பெற்றார். 1879 ஆகஸ்டு 27 அன்று காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பள்ளி நடத்திய புரூஸ் கோட்டை இப்போது அருங்காட்சியகமாக விளங்குகிறது.