38 வயசுல "அ, ஆ" படிச்ச வள்ளிமலை சுவாமிகள்



நான் நைனார்பாளையத்துப் பையன். ரெண்டு தடவை அரசுத் தேர்வு எழுதி ரெண்டு தடவையும் போச்சு. அதுக்கப்புறம் புத்தகத்தைத் தொட்டாலே உள்ள ஒரு குரல் ஆரம்பிச்சிடும். வயசு 27 ஆச்சு, இனிமே உனக்கு என்ன ஏறும்னு கேட்கும். வெளியில யாரும் அப்படிச் சொல்லல. எனக்கு நானே சொல்லிக்கிட்டதுதான்.

அந்த நேரத்துலதான் வள்ளிமலை சுவாமிகள் வரலாறு என் கையில கிடைச்சது. திருத்தணி படி விழாவுக்குப் போறவங்க இந்தப் பேரைக் கேட்டிருப்பீங்க. ஆனா அவர் முதல்ல யாரா இருந்தார்னு நம்மள்ல பல பேருக்குத் தெரியாது.

சமையல்காரர்ங்க அவர்! 1870-ல பவானியில பிறந்தவர், பெத்தவங்க வச்ச பேர் அர்த்தநாரி. பள்ளிப் படிப்பு கிடையாது, தமிழ் எழுத்தே தெரியாது. மைசூர் அரண்மனையில சமையல் வேலை பார்த்தார். தீராத வயித்து வலி வந்து வாட்டுச்சு. 1908 வாக்குல பழனிக்கு வந்து ஆண்டவனுக்குத் தொண்டு செஞ்சுக்கிட்டு அங்கேயே தங்கினார். வலியும் தீர்ந்துச்சு.

பழனியிலதான் திருப்புகழ் அவர் காதுல விழுந்துச்சு. மனசு அப்படியே அதுல ஒட்டிக்கிச்சு. ஆனா படிக்கணும்னா எழுத்து தெரியணுமே! வயசு 38 ஆகுது. அதுவும் என்ன நூல்? அருணகிரிநாதர் சந்தம் தமிழ் நல்லா படிச்சவங்க நாக்கையே புரட்டி எடுத்துடும். எங்க பிரிக்கணும், எங்க மூச்சு விடணும்னே புரியாது. நான் முயற்சி பண்ணிப் பார்த்திருக்கேன், மூணாவது அடியில மாட்டிக்கிட்டேன்.

அவர் அரிச்சுவடியில இருந்து ஆரம்பிச்சார். சின்னப் பிள்ளைங்க படிக்கிற எழுத்தை ஒவ்வொண்ணா கத்துக்கிட்டு, அப்புறம் கூட்டிப் படிச்சு, ஒவ்வொரு பாட்டா மனப்பாடம் பண்ணினார். அவர் மனசுலயும் அந்தக் குரல் பேசியிருக்காதா? கரண்டி பிடிச்ச கைக்கு ஏடு எதுக்குன்னு கேட்டிருக்காதா? கேட்டிருக்கும்னுதான் நான் நினைக்கிறேன். பேசட்டும்னு விட்டுட்டு அடுத்த எழுத்துக்குப் போயிருப்பார் போல.

அப்புறம் திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷிகிட்ட இருந்தார். ஒருநாள் மகரிஷி அவரை மலையை விட்டுக் கீழே போகச் சொன்னார். கீழே வந்தா சேஷாத்ரி சுவாமிகள்! திருப்புகழே உனக்கு மந்திரம், வேற எதுவும் வேணாம், வள்ளிமலைக்குப் போன்னு அனுப்பி வச்சார். நம்ம கள்ளக்குறிச்சியில இருந்து பஸ் ஏறினா போற திருவண்ணாமலையிலதாங்க இது நடந்துச்சு.

வள்ளிமலை இப்போ வேலூர் மாவட்டத்துல, பொன்னைக்குப் பக்கத்துல இருக்கு. வள்ளித் தாயார் வளர்ந்த மலை. அங்க ஆசிரமம் அமைச்சு, ஊர் ஊராப் போய் திருப்புகழ் பாடினார். எழுத்தே தெரியாம இருந்தவரை ஜனங்க திருப்புகழ் சுவாமிகள்னே கூப்பிட்டாங்க.

வெள்ளைக்காரன் காலத்துல ஜனவரி 1 அன்னைக்கு துரைமார்களைப் போய்ப் பார்த்து வாழ்த்து சொல்ற வழக்கம் இருந்துச்சு. சுவாமிகளுக்கு அது பொறுக்கல. துரைக்கெல்லாம் துரை தணிகை மலையில இருக்கான், முதல்ல அவனைப் பார்ப்போம்னு டிசம்பர் 31 ராத்திரி அடியார்களைக் கூட்டிக்கிட்டுப் போனார். படிக்கு ஒரு திருப்புகழ் பாடி, பூஜை பண்ணி மேல ஏறினாங்க. அந்தப் படி விழா இன்னைக்கும் நடக்குது. 1950 நவம்பர்ல சுவாமிகள் சித்தியடைஞ்சார், சமாதி வள்ளிமலையிலேயே இருக்கு.

இந்த வருஷம் டிசம்பர் 31-க்கு திருத்தணி போறதா இருக்கேன். அதுக்குள்ள பத்து திருப்புகழாவது பார்க்காம பாடணும்னு கணக்கு. காலையில தேர்வுப் பாடம், ராத்திரி திருப்புகழ். அந்தக் குரல் இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கு. நாலாவது பாட்டுல நிக்கிறேன்.

வேலும் மயிலும் துணை 🙏