டாக்டர் கோட்னிஸ்: அந்நிய மண்ணில் உயிர்நீத்த இந்திய மருத்துவர்

மருத்துவம் படித்த பிள்ளை நல்ல வருமானத்துடன் நம் கண்முன்னே வாழ வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோம். அதில் தவறில்லை. எனினும், அந்த வாய்ப்பை விட்டுவிட்டுப் போர்முனைக்குச் சென்ற ஒருவரை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

துவாரகநாத் கோட்னிஸ் 1910ஆம் ஆண்டு மகாராஷ்டிராவின் சோலாப்பூரில் பிறந்தார். பம்பாயில் மருத்துவம் பயின்றார். 1937இல் ஜப்பான் சீனாவின் மீது படையெடுத்தது. சீனத் தளபதி ஷூ தே மருத்துவ உதவி கோரி நேருவுக்குக் கடிதம் எழுதினார். காங்கிரஸ் கட்சி 1938இல் ஐந்து மருத்துவர்களைக் கப்பலேற்றி அனுப்பியது. மேற்படிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்த கோட்னிஸும் அவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 27.

சீனாவில் இருக்கும்போதே தந்தை இறந்த செய்தி வந்தது. ஊர் திரும்பி வீட்டைக் கவனிக்க வேண்டிய நேரம் அது. தடுப்பார் யாருமில்லை. ஆனாலும் அவர் திரும்பவில்லை. யெனான் நகருக்குச் சென்று, எட்டாவது பாதைப் படையில் மருத்துவராகச் சேர்ந்தார்.

போர்முனையில் மருந்துக்குக்கூடத் தட்டுப்பாடு. 1940இல் நடந்த ஒரு பெரும் சண்டையின்போது 72 மணி நேரம் உறங்காமல் அறுவை சிகிச்சை செய்தார். சீன மொழியைக் கற்று, அந்த மொழியிலேயே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார்.

கனடா மருத்துவர் நார்மன் பெத்யூனும் அதே படையில் பணியாற்றியவர். சிகிச்சையின்போது விரலில் ஏற்பட்ட காயத்தால் இரத்தம் நஞ்சாகி 1939இல் இறந்தார். அவர் பெயரில் அமைந்த மருத்துவமனைக்கு 1941இல் கோட்னிஸ் இயக்குநரானார். அங்கு செவிலியராக இருந்த குவோ சிங்லானை மணந்தார். 1942 ஆகஸ்டில் பிறந்த மகனுக்கு யின்ஹுவா என்று பெயரிட்டனர். யின் என்பது இந்தியா, ஹுவா என்பது சீனா.

ஓய்வில்லாத உழைப்பு உடலை வாட்டியது. வலிப்பு நோய் அடிக்கடி தாக்கியது. அறுவை சிகிச்சைப் பாடநூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்த நிலையில், 1942 டிசம்பர் 9 அன்று மரணமடைந்தார். வயது 32. மகனுக்கு நான்கு மாதம்கூட நிறையவில்லை.

உடன் சென்ற நால்வரும் நாடு திரும்பினர். கோட்னிஸ் மட்டும் அந்த மண்ணிலேயே அடக்கமானார். அவரது வாழ்வை குவாஜா அகமது அப்பாஸ் நூலாக எழுதினார். 1946இல் சாந்தாராம் அதைத் திரைப்படமாக்கினார். ஷிஜியாசுவாங் நகரில் உள்ள அவரது நினைவிடத்தில் சீன மக்கள் இன்றும் மலர் வைக்கிறார்கள்.

மொழியும் இனமும் வேறான மக்களுக்காக அவர் தன் இளமையைக் கொடுத்தார். மருத்துவக் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும்போது, கட்டணத்தோடும் வருமானத்தோடும் நம் பேச்சு முடிந்துவிடுகிறது. இவரது கதையையும் ஒருமுறை சொல்லி அனுப்புவோம்.