ஐதராபாத்து ஆசிரியர் சையது அப்துல் ரகீம்

சென்ற தவணையின் இறுதிக் கிழமையில், ஜெயபுரத்துச் சிறுவர் சிலர் என்னிடம் ஒரு வினாவோடு வந்தனர். நம் பக்கத்து நாடாகிய இந்தியா உதைபந்தாட்டத்தில் எக்காலத்தேனும் உலகம் மதிக்கத்தக்க நிலையில் இருந்ததுண்டா என்பதே அவ்வினா. துடுப்பாட்ட வீரர் இருபதின்மர் பெயரை மூச்சுவிடாது ஒப்புவிக்கும் பிள்ளைகள் அவர்கள். நன்னூற் சூத்திரம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்த யான் நூலை மூடிவைத்து, ஓர் ஆசிரியரின் வரலாற்றைக் கூறத் தொடங்கினேன். பந்தின் பக்கமே செல்லாது வளர்ந்த பண்டிதனுக்கு இவ்வாட்டத்தில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். அவரும் என்னைப்போல் வகுப்பறையில் வெண்கட்டி பிடித்தவர் என்பதே யான் சொல்லக்கூடிய விடை.

சையது அப்துல் ரகீம் 1909ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அந்நாளில் அந்நகரம் நிசாமின் ஆட்சியில் இருந்தது. உசுமானியாப் பல்கலைக்கழகத்தில் கற்கும்போதே அதன் உதைபந்தாட்ட அணியில் இடம்பெற்றார். பின்னர் உள்ளூர்க் கழகங்களுள் சிறந்ததெனப் பேசப்பட்ட கமர் கழகத்துக்காகவும் ஆடினார். கலைமாணிப் பட்டம் பெற்றபின் அவர் மேற்கொண்ட தொழில் ஆசிரியத் தொழிலே. காச்சிகுடா நடுநிலைப் பாடசாலை, உருது சரீப் பாடசாலை, தாருல் உலூம் உயர்நிலைப் பாடசாலை, சாதர்காட் உயர்நிலைப் பாடசாலை என ஒன்றன்பின் ஒன்றாகப் பல இடங்களிற் பணியாற்றினார். இடையே உடற்பயிற்சிக் கல்வியில் தகைமைச் சான்றிதழும் பெற்றார். பந்தாட்டத்தால் வயிறு வளர்க்கும் வழி அந்நாளில் இந்தியாவில் இருந்ததில்லை. நன்றாக ஆடுபவனுக்குப் பொலிசிலோ புகையிரதப் பகுதியிலோ ஒரு வேலை கிடைக்கும். அதுவே அவனுக்கு ஊதியமும் பரிசும் ஆகும்.

1943இல் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. இறக்கும்வரை அப்பொறுப்பை அவர் விடவில்லை. செயலாளர் என்றதும் கடிதக் கோவைகளையும் கூட்டக் குறிப்புகளையும் நினைத்தல் நம் வழக்கம். ரகீமோ அப்பதவியை ஒரு பள்ளிக்கூடமாக மாற்றினார். சிறுவருக்கென அவர் நடத்திய சுற்றுப்போட்டிகளை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு மிகுகின்றது. ஒருவகைப் போட்டியில், பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரிகளை ஏய்த்து ஓடுதல் தடை. பெற்றவுடன் மற்றவனுக்குக் கொடுத்துவிடல் வேண்டும். மற்றொருவகையில், பழக்கமற்ற காலால் மாத்திரமே உதைத்தல் வேண்டும். வலக்காலன் இடக்காலால் ஆடவேண்டும். இடக்காலன் வலக்காலால் ஆடவேண்டும். இலக்கணம் கற்பிப்போர் இதன் நுட்பத்தை உடனே உணர்வர். மாணாக்கன் எளிதிற் செய்வதை மேலும் மேலும் செய்வித்துப் பாராட்டுதல் ஆசிரியருக்கு இன்பந் தருவது. அவனுக்கு வராததை, அவன் நாணாதபடி, எல்லோருக்கும் ஒரே விதியாக்கிப் பழக்குவதன்றோ அரிய செயல்! வலிமை குன்றிய காலைக் குறித்து எவனும் எவனையும் நகைக்க இயலாத ஆடுகளத்தை அவர் அமைத்தார்.

1950இல் ஐதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்றுநரானார். அதன்பின் நிகழ்ந்ததை விரித்தால் வெறும் பட்டியலாகும். பம்பாயில் நடைபெற்றுவந்த ரோவர்ஸ் கிண்ணத்தை 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அவ்வணி வென்றது. டில்லியில் நடைபெற்ற டியூரண்ட் கிண்ணமும் அதன் கைக்கு வந்தது. கல்கத்தாவின் பெருங்கழகங்களே இந்திய உதைபந்தாட்டம் என்றிருந்த எண்ணம் அத்தோடு தளர்ந்தது.

அதே காலத்தில் இந்திய அணியின் பயிற்சியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1951இல் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவின் இறுதியாட்டத்தில் மேவாலால் போட்ட ஒரே கோலால் ஈரானை வென்று இந்தியா தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டு வந்தது ஹெல்சிங்கி. ஒலிம்பிக் போட்டியில் யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோல்வி. இந்திய வீரருட் பலர் அன்று வெறுங்காலுடன் ஆடினர். சப்பாத்து இல்லாமையே தோல்விக்குக் காரணம் என்று ஊரெல்லாம் பேசிற்று. சம்மேளனமும் பின்னர்ச் சப்பாத்தைக் கட்டாயமாக்கிற்று. யான் அவ்வளவில் அமைதி கொள்ளேன். எழுபது நிமிடத்தில் முடியும் உள்நாட்டு ஆட்டங்களுக்குப் பழகிய உடல், தொண்ணூறு நிமிடத்துக்கு ஈடுகொடுக்குமா? ஒருவர் ஓட மற்றவர் நோக்கி நிற்கும் பழைய முறை ஐரோப்பியரிடம் செல்லுமா? ரகீம் அடுத்த ஆண்டுகளிற் செய்தவற்றை நோக்கின், அவரும் காலணியோடு நின்றுவிடவில்லை என்பது புலனாகும். ஹங்கேரியர் உலகுக்குக் காட்டிய புதுமுறையை, அஃதாவது நடு முன்னணி வீரனைச் சற்றே பின்வாங்கி ஆடச்செய்து எதிரணிக் காவலரை நிலைகுலைக்கும் முறையை, அவர் கற்றுத் தம் வீரருக்கு ஏற்பப் பொருத்தினார்.

அதன் பயன் 1956இல் மெல்பேணில் விளைந்தது. திசெம்பர் முதலாம் நாள், அவுஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே இந்தியா நான்குக்கு இரண்டாக வென்றது. நெவில் டி சூசா மூன்று கோல்கள் போட்டார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஓர் ஆசியர் ஓராட்டத்தில் மூன்று கோல் போட்டது அதுவே முதன்முறை. அரையிறுதியில், நான்காண்டுகளுக்கு முன் பத்துக் கோல் போட்ட அதே யூகோஸ்லாவியா எதிர்ப்பட்டது. முதற்கோலை இந்தியாவே போட்டது. ஆட்டம் இறுதியில் நான்குக்கு ஒன்றாகத் தோல்வியில் முடிந்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் பல்கேரியா வென்றது. நான்காம் இடம். பதக்கம் இல்லை. ஆயினும் அந்த நான்காம் இடத்தை இந்திய அணி அதன்பின் இன்றுவரை எட்டியதில்லை. 1960இல் உரோமாபுரியில் பிரான்சுடன் ஒன்றுக்கு ஒன்றாகச் சமன்செய்தமை சிறப்பே. அதுவே இந்தியா கடைசியாகப் பங்குபற்றிய ஒலிம்பிக் உதைபந்தாட்டமுமாயிற்று.

அவர் கண்டெடுத்த வீரருள் துளசிதாஸ் பலராமைக் குறிப்பிடல் வேண்டும். சிகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் வறிய குடும்பத்தில் வளர்ந்தவர். பயிற்சிக்குத் தொலைவிலிருந்து வரப் பணமில்லை என்று அவர் தயங்கியபோது, துவிச்சக்கரவண்டி வாடகைக்கென நாள்தோறும் ஒரு ரூபாய் கொடுத்தார் ரகீம் என்பர். பாடசாலை ஆசிரியரின் சம்பளம் எத்துணை என்பதை அறிந்தவர்க்கு அந்த ஒரு ரூபாயின் பெறுமதி விளங்கும்.

1962இல் ஜகார்த்தாவுக்குச் சென்றபோது ரகீமின் நெஞ்சை நோய் பற்றியிருந்தது. நுரையீரற் புற்று. தொடக்கமே தீதாயிற்று, முதலாட்டத்தில் தென்கொரியா இரண்டு கோல்களால் வென்றது. பின்னர்த் தாய்லாந்தும் ஜப்பானும் வீழ்ந்தன. அரையிறுதியில் தென்வியட்நாம் மூன்றுக்கு இரண்டாகத் தோற்றது. இதனிடையே பின்னணிக் காவலர் ஜர்னைல் சிங் தலையிற் காயமுற்றுத் தையல் இடப்பட்டவரானார். பயிற்றுநர் எவரும் அவரை ஓய்வெடுக்க அனுப்பியிருப்பர். ரகீமோ அவரை முன்னணிக்கு மாற்றினார்! காவலிற் பழகியவன் கோல் போடுவானா என்று ஐயுற்றோர்க்கு, அரையிறுதியிலும் இறுதியிலும் ஜர்னைல் சிங்கின் கோலே விடையாயிற்று. பழக்கமற்ற காலால் ஆடவைத்த அப்பழைய ஆசிரியரை இங்கே மீண்டும் காண்கின்றோம்.

மைதானத்துக்கு வெளியேயும் இடர் சூழ்ந்திருந்தது. இசுரேலையும் தைவானையும் விழாவுக்கு அனுமதியாத இந்தோனேசியாவின் செயலை இந்தியரான சோந்தி கண்டித்தமையால், இந்தியர் மீது அந்நகரத்தார் சினங்கொண்டிருந்தனர். இறுதியாட்டத்துக்கு முந்திய இரவில் ரகீம் வீரரை அழைத்து, நாளை எனக்கு ஒரு பரிசு வேண்டும், அத்தங்கத்தை வென்று தாருங்கள் என்ற கருத்துப்படப் பேசினார் என்று அவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தனர். செப்தெம்பர் 4ஆம் நாள், நூறாயிரம் பேரளவிற் திரண்ட அரங்கில், பெருங்கூட்டம் இந்தியருக்கு எதிராகவே கூச்சலிட்டது. அவர்களுக்காகக் குரல்கொடுத்த சிலருள் பாகிஸ்தான் ஹொக்கி வீரரும் இருந்தனர் எனக் கூறுவர். காய்ச்சலிலிருந்து எழுந்த பீற்றர் தங்கராஜ் கோலைக் காத்து நின்றார். முதல் இருபது நிமிடங்களுக்குள் பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் போட்டனர். தென்கொரியா இறுதிக்கட்டத்தில் ஒன்று திருப்பியது. இரண்டுக்கு ஒன்று, தங்கம்.

யான் இதுவரை சொன்னதும் சிறுவருள் ஒருவன், அந்த ஆசிரியர் பின்பு எந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தார் என்று கேட்டான். எந்த அணிக்கும் கொடுக்கக் காலம் இடந்தரவில்லை. ஜகார்த்தாவிலிருந்து திரும்பி ஓராண்டும் நிறையுமுன், 1963ஆம் ஆண்டு யூன் 11ஆம் நாள், ஐம்பத்து மூன்று வயதில் ரகீம் காலமானார். உரோமாபுரி அணியில் இடம்பெற்றிருந்த அவர் மைந்தர் சையது சாகித் ஹக்கீம் பிற்காலத்தில் மத்தியஸ்தராகவும் பயிற்றுநராகவும் விளங்கி 2021இல் மறைந்தார். 2024இல் அவர் தந்தையைப் பற்றித் திரைப்படமொன்றும் வெளிவந்தது. அறுபது ஆண்டு கழித்தேனும் வந்ததே என்று ஆறுதல் கொள்ளலாம்.

மணி ஒலித்தது. சூத்திரம் பாதியில் நின்றது. அன்று மாலை, நம் பாடசாலை வெளியில் வெறுங்காற் பிள்ளைகள் இரு பக்கமாகப் பிரிந்து நின்று, இடக்காலால் மட்டும் உதைப்பதென்று விதி செய்துகொண்டிருந்தனர். பந்து எத்திசையிலும் சென்றது. கோலை நோக்கி மாத்திரம் செல்லவில்லை.