புனித எரோணிமுஸ்: இறைவார்த்தை விடாமல் பற்றிக்கொண்ட மனிதர்



செப்டம்பர் 30ஆம் நாள் மறைவல்லுநரான புனித எரோணிமுசைத் திருஅவை நினைவுகூர்கிறது. ஜெரோம் என்றும் அவரை அழைக்கிறோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டு இறைவார்த்தை ஞாயிறை ஏற்படுத்தியதும் இந்நாளில்தான். இறைவார்த்தையைப் பற்றி மறையுரை ஆற்றும்போதெல்லாம் இப்புனிதரின் ஒரே ஒரு வாக்கியத்தை நாம் தவறாமல் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்த மனிதரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஒருவேளை, அவர் பேசுவதற்கு எளிதான புனிதர் அல்லர் என்பதாலும் இருக்கலாம்.

ஏறத்தாழ 347ஆம் ஆண்டு, தல்மாத்தியா எல்லையிலிருந்த ஸ்திரிதோன் என்னும் ஊரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே உரோமைக்குச் சென்று இலக்கணமும் பேச்சுக்கலையும் கற்றார். இலத்தீன் இலக்கியம் அவரது உயிர். சிரமப்பட்டுச் சேர்த்த நூல்களைத் துறவு வாழ்வைத் தேடிக் கிழக்கே புறப்பட்டபோதும் அவரால் விட்டுவர முடியவில்லை. உணவைத் துறந்தார், உறவைத் துறந்தார், சிசரோவை மட்டும் துறக்க இயலவில்லை. நோன்பிருந்துவிட்டு சிசரோவைப் படிப்பார். பிறகு இறைவாக்கினர்களின் நூல்களைத் திறந்தால், அவற்றின் நடை கரடுமுரடாகத் தோன்றி வெறுப்பூட்டும்.

அந்தியோக்கியாவில் கடும் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு கனவு கண்டார். நடுவரின் இருக்கைமுன் நிறுத்தப்பட்டு, நீ யார் என வினவப்பட்டபோது, கிறிஸ்தவன் என்றார். அது பொய், நீ சிசரோவின் ஆள் என்று தீர்ப்பாகி, சாட்டையடியும் விழுந்தது. இக்கனவை அவரே பின்னாளில் ஒரு மடலில் விவரித்துள்ளார். உலகியல் நூல்களை இனித் தொடேன் என்று அன்று வாக்களித்தவர், பிற்காலத்திலும் அவற்றை மேற்கோள் காட்டிக்கொண்டுதான் இருந்தார். அதைச் சுட்டிக்காட்டிக் கேலி செய்தவர் அவருடைய பழைய நண்பர் ரூஃபினுஸ்! ஆயினும் அக்கனவுக்குப்பின் அவரது உழைப்பின் திசை மாறியது.

பின்னர் சிரியாவின் கால்கிஸ் பாலைநிலத்தில் தனிமைத் தவம் செய்தார். உடல் ஒடுங்கியும் மனம் ஒடுங்கவில்லை. அலைபாயும் எண்ணங்களை அடக்க அவர் கண்ட வழி நமக்கு வியப்பளிக்கிறது. கிறிஸ்தவரான ஒரு யூதரிடம் மாணவராக அமர்ந்து எபிரேய அரிச்சுவடி கற்கத் தொடங்கினார். நயமான இலத்தீனுக்குப் பழகிய நாவு, தொண்டையிலிருந்து எழும் ஒலிகளோடு மல்லுக்கட்டியது. பலமுறை கைவிட்டு, மீண்டும் தொடங்கினார். முன்பு கரடுமுரடு என்று ஒதுக்கிய நூல்களை அவற்றின் சொந்த மொழியிலேயே கேட்க விரும்பியவர் கொடுத்த விலை இது.

382ஆம் ஆண்டு உரோமைக்குத் திரும்பினார். அங்கே திருத்தந்தை தமாசு, இலத்தீன் நற்செய்திகளைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் பணியை அவரிடம் ஒப்படைத்தார். குருக்களின் ஆடம்பரத்தை அவர் கடுமையாகச் சாடியதால் பகைவர் பெருகினர். 384இல் தமாசு இறந்ததும் உரோமையில் அவருக்கு இடமில்லாமல் போனது. பெத்லகேமில் குடியேறினார். செல்வந்தரான கைம்பெண் பவுலா தம் மகள் யூஸ்தோக்கியத்தோடு அங்கு வந்து, தம் செல்வத்தால் துறவு இல்லங்களும் பயணிகள் விடுதியும் அமைத்தார். பவுலாவும் எபிரேயம் கற்றுத் திருப்பாடல்களை அம்மொழியிலேயே பாடினார். எரோணிமுசுக்கோ, பாரனினாஸ் என்ற யூதர் தம் மக்களுக்கு அஞ்சி இரவில் வந்து பாடம் சொன்னார்.

இவ்வாறு உருவானதே எபிரேயத்திலிருந்து நேரடியாகச் செய்யப்பட்ட பழைய ஏற்பாட்டு இலத்தீன் மொழிபெயர்ப்பு. அதுவரை வழக்கிலிருந்ததோ கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பிலிருந்து இலத்தீனுக்கு வந்தது. வட ஆப்பிரிக்காவில் இன்றைய திரிப்போலி நகரின் ஆயர் புதிய பெயர்ப்பிலிருந்து யோனா நூலை வாசிக்கச் செய்தார். யோனாவுக்கு நிழல் தந்த செடி, தலைமுறை தலைமுறையாகச் சுரைக்கொடி என்றே மக்கள் காதில் விழுந்திருந்தது. இப்போது அது வேறொரு படர்கொடியாக மாறியிருந்தது. கோவிலில் கலவரம்! மக்களை இழக்காதிருக்க ஆயர் பழைய சொல்லுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. 403ஆம் ஆண்டு வாக்கில் புனித அகுஸ்தினார் இதை எரோணிமுசுக்கு எழுதி, தம் கவலையைத் தெரிவித்தார்.

அகுஸ்தினாரின் கவலை நியாயமானதே. வழிபாட்டில் பழகிய ஒரு சொல் மாறினால் மக்களின் முகம் மாறுவதை நம் பங்குகளிலும் காண்கிறோம். ஆனால் எரோணிமுஸ் அசையவில்லை. அகன்ற இலைகளோடு விரைந்து வளரும் அச்செடிக்கு இலத்தீனில் பெயரில்லாததால் வேறு பெயரிட நேர்ந்தது என்று, சற்றுக் காரமாகவே பதில் எழுதினார். நம் தமிழ் விவிலியத்தில் அது ஆமணக்கு. ஒரு செடியின் பெயருக்காக இவ்வளவு பூசலா என்று நமக்குத் தோன்றலாம். எந்தச் சொல்லும் சிறியதன்று, பேசியவர் கடவுள் என்பது அவரது பிடிவாதம். மக்கள் எதிர்த்த அவரது பெயர்ப்பை உள்ளடக்கிய வுல்காத்தா விவிலியத்தையே 1546இல் திரெந்துப் பொதுச்சங்கம் திருஅவையின் நம்பத்தக்க பதிப்பாக அறிவித்தது.

இறைவார்த்தையோடு இவ்வளவு காலம் வாழ்ந்தவரின் கோபம் தணிந்ததா? முழுமையாகத் தணியவில்லை. ரூஃபினுஸ் இறந்த பிறகும் அவரைப் பழித்து எழுதினார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இறைவார்த்தையின் ஆற்றல் அவரிடம் வேறொரு விதத்தில் வெளிப்பட்டது.

410ஆம் ஆண்டு கோத்தியர் உரோமையைச் சூறையாடினர். நெருங்கிய நண்பர்களின் மரணச் செய்தி வந்தது. நேற்றுவரை செல்வர்களாக இருந்தவர்கள் பெத்லகேமின் வாசலில் கையேந்தி நின்றார்கள். அப்போது அவர் எசேக்கியேல் நூலுக்கு விளக்கவுரை எழுதிக்கொண்டிருந்தார். எழுத்தை நிறுத்தினார். மறைநூலின் சொற்களைச் செயலாக மாற்றவேண்டிய வேளை இது என்று எண்ணி, அகதிகளைக் கவனிக்க எழுந்தார். சொல்லுக்காக உலகத்தோடு சண்டையிட்டவர், அந்தச் சொல்லே கேட்டபோது எழுதுகோலைக் கீழே வைத்தார். பின்னர் இரவு நேரங்களில், விளக்கொளியில் எபிரேய எழுத்துகள் தெளிவாகத் தெரியாத மங்கிய கண்களோடு, அந்த உரையை எழுதி முடித்தார்.

அடுத்து எரேமியா நூலைக் கையில் எடுத்தார். 420ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று அவர் இறந்தார் என்பது மரபு. எரேமியா உரை 32ஆம் அதிகாரத்தோடு நின்றிருந்தது.