சினிமா திரையைத் தொடாமலே போன செங்கோட்டை கிட்டப்பா: 27 வயதில் முடிந்த ராஜபார்ட் வாழ்க்கை

செங்கோட்டை, டிச.2–

இன்னிக்கு ஒரு ஹீரோ படம் ரிலீஸ் ஆனால் கட்-அவுட் என்ன, பாலாபிஷேகம் என்ன, வெடி என்ன! ஆனால் ஒரே ஒரு படத்தில்கூட தலை காட்டாத ஒரு நடிகருக்காக, ஊர் ஊராக ஜனம் திரண்டு வந்து விடிய விடிய உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. அவர்தான் நம்ம செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா.

தமிழ் பேசும் படம் பிறந்தபோது அவருக்கு வயது 25. குரல் இருந்தது, முகவெட்டு இருந்தது, தமிழ்நாடு முழுக்க பேர் இருந்தது. சினிமாவுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் கையில் இருந்தது. ஒன்றுதான் இல்லை. ஆயுசு!

1933-ம் வருடம் டிசம்பர் 2-ந் தேதி, வெறும் 27 வயதில் கிட்டப்பா கண்ணை மூடினார். பின்னாலேயே வந்த சினிமா அலையில் மற்றவர்கள் ஏறி உட்கார்ந்து சூப்பர் ஸ்டார் ஆனார்கள்.

5 வயதில் மேடை

கிட்டப்பா பிறந்தது 1906-ம் வருடம் ஆகஸ்டு 25-ந் தேதி. இயற்பெயர் ராமகிருஷ்ணன். அப்பா கங்காதர அய்யர், அம்மா மீனாட்சி அம்மாள். செங்கோட்டை என்பதுதான் பெயருக்கு முன்னால் இருக்கும் ‘எஸ்’. அப்பா பெயர்தான் ‘ஜி’.

இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கும் செங்கோட்டை, அப்போ திருவிதாங்கூர் மகாராஜா சமஸ்தானத்தில் இருந்த ஊர். 1956-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1911-ல் மணியாச்சி ரெயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் துரையை சுட்டுக் கொன்றாரே வாஞ்சிநாதன், அவரும் இதே ஊர்க்காரர்தான். அப்போ கிட்டப்பா 5 வயதுகூட நிரம்பாத பொடியன்.

வீட்டில் பிள்ளைகள் நிறைய. வருமானம் குறைவு. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பசங்களுக்கு ஒரு வழி இருந்தது. நாடகக் கம்பெனி! மூணு வேளை சோறு கிடைக்கும், தங்க இடம் கிடைக்கும், தொழிலும் கத்துக்கலாம். கிட்டப்பாவின் அண்ணன்மார் நாடகத்துக்குப் போனார்கள். கூடவே இந்தப் பொடியனும் போனான். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் பவுடர் பூசி மேடை ஏறிவிட்டார்.

‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’ என்று நாடகங்களை எழுதிக் குவித்த சங்கரதாஸ் சுவாமிகளின் காலம் அது. அவரது குழுவில் கிட்டப்பா சகோதரர்கள் இருந்தார்கள். பாட்டு வாத்தியார் வைத்து வருடக்கணக்கில் முறையாகப் படித்தவர் இல்லை கிட்டப்பா. எல்லாம் கேள்வி ஞானம். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வார். பெரிய சங்கீத வித்வான்களே அசந்து போன குரல் அது.

மைக் இல்லாத மகிமை

அப்புறம் கன்னையா கம்பெனி. அந்த நாளில் நாடகத்தில் பிரமாண்டம் என்றால் கன்னையாதான். சீன் செட்டிங்கை பார்க்கவே கூட்டம் வரும். அந்தக் கம்பெனியின் ‘தசாவதாரம்’ நாடகம்தான் கிட்டப்பாவை ஊரெல்லாம் பேச வைத்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நினைத்துப் பார்க்கணும். அப்போ மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. தகரக் கொட்டகை. முன்னால் ஆயிரக்கணக்கில் ஜனம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் வார்த்தை தெளிவாக விழணும். நடுவில் சுருதி இறங்கக் கூடாது. ராத்திரி ஆரம்பித்தால் விடியும் வரை தாங்கணும்.

அது எல்லாராலும் முடிகிற காரியம் இல்லை. கிட்டப்பா உச்சத்தில் நின்று பாடினாலும் குரல் கிழியாது, பிசிறு தட்டாது. அண்ணன் காசி அய்யர் ஆர்மோனியத்தில் உட்கார்ந்தால், தம்பி எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் அண்ணன் விரல் கூடவே போகும்.

அப்போதெல்லாம் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று ஒரு முறை உண்டு. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர். நாடக காண்டிராக்டர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அமர்த்தி ஒரே மேடையில் ஏற்றிவிடுவார். ஒத்திகை எல்லாம் கிடையாது. மேடையிலேயே பாட்டுக்கு பாட்டு, தர்க்கத்துக்கு தர்க்கம். அசந்தவர் காலி! அந்தப் போட்டியில் அசைக்க முடியாத ராஜபார்ட்டாக நின்றார் கிட்டப்பா. அவர் பாடிய கிராமபோன் ரெக்கார்டுகளும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன.

கொழும்பில் சேர்ந்த ஜோடி

1926-ம் வருடம். இலங்கையில் தமிழ் நாடகத்துக்கு நல்ல மவுசு. இங்கிருந்து கப்பல் ஏறிப் போய் மாதக்கணக்கில் நாடகம் போடுவார்கள். அப்போ கொழும்பில் ஒரு பெண் பாடகி வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அவர் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். வறுமையில் பிறந்து, பாடியே பிழைத்து மேலே வந்தவர். வயது 18 கூட முழுசாக ஆகவில்லை.

கிட்டப்பாவையும் சுந்தராம்பாளையும் ஒரே மேடையில் ஏற்ற ஏற்பாடு நடந்தது. அவரோடு பாடி ஈடுகொடுக்க முடியாது, பேர் கெட்டுப்போகும் என்று சுந்தராம்பாளை பயமுறுத்தியவர்களும் உண்டு. அவர் பின்வாங்கவில்லை. மேடை ஏறினார். முருகனும் வள்ளியுமாக இரண்டு பேரும் பாடினார்கள். கொட்டகை அதிர்ந்தது. இரண்டு பேருமே ஜெயித்தார்கள்!

அப்புறம் என்ன? தமிழ்நாட்டுக்குத் திரும்பியதும் இந்த ஜோடிக்காக கொட்டகைக்காரர்கள் க்யூ கட்டினார்கள். மேடையில் தொடங்கிய பழக்கம் வாழ்க்கையிலும் ஒன்று சேர்த்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகியிருந்தது. அது தெரிந்தும் சுந்தராம்பாள் அவரை மணந்தார். ஜாதி வேறு, ஊர் வேறு. அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் வீட்டுக்குள் நிம்மதி நிலைக்கவில்லை. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. மனஸ்தாபம் வந்தது, பிரிந்தார்கள். மறுபடி சேர்ந்தார்கள், மறுபடி பிரிந்தார்கள். கொடுமுடியில் இருந்து சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சிலும் வந்தன. படித்தால் கல் மனசும் கரையும்.

பேசத் தொடங்கிய சினிமா

இந்த நேரத்தில்தான் அந்த அதிசயம் நடந்தது. அதுவரை ஊமையாக ஓடிக்கொண்டிருந்த சினிமா, பேச ஆரம்பித்தது. 1931-ம் வருடம் அக்டோபர் 31-ந் தேதி முதல் தமிழ் பேசும் படம் ‘காளிதாஸ்’ ரிலீஸ். கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி, நாடக மேடையில் இருந்து வந்தவர்.

அப்போ பின்னணிப் பாடகர் என்று தனியாக ஆள் கிடையாது. கேமரா முன்னால் யார் நிற்கிறாரோ அவர்தான் வாய் திறந்து பாடணும். படத்துக்கு படம் டஜன் கணக்கில் பாட்டு. கதையும் புதுசு இல்லை, மேடையில் ஓடிய அதே நாடகங்கள்தான். அப்படியென்றால் சினிமாவுக்கு முதலில் தேவை யார்? பாடத் தெரிந்த ராஜபார்ட்!

1933-ல் ‘வள்ளி திருமணம்’ பேசும் படமாக வந்து நல்ல வசூல் பார்த்தது. கிட்டப்பா – சுந்தராம்பாள் ஜோடி ஊர் ஊராக ஆடிப் பாடிப் பேர் வாங்கிய அதே கதை! மேடையில் நின்ற ஜோடியை அப்படியே தூக்கிக் கேமரா முன்னால் நிறுத்தினால் போதும். வேறு ஒரு வேலையும் இல்லை.

அது நடக்கவில்லை. பேசும் படம் எடுக்க சென்னையில் அப்போ ஸ்டுடியோ கிடையாது. பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரெயில் ஏறணும். அதைவிட முக்கியமான காரணம் வேறு. அவரது உடம்பு.

குடி எடுத்த உயிர்

ராத்திரி முழுக்க கண்விழிப்பு, ஓயாத பயணம், நேரத்துக்கு சாப்பாடு இல்லை. இதோடு மதுப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. சின்ன வயதிலேயே பணமும் புகழும் கொட்டினால் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் சனியன் அது. வயிற்று வலி வந்தது. வைத்தியம் பார்த்தார்கள். பிரிந்திருந்த சுந்தராம்பாளே ஓடி வந்து பக்கத்தில் இருந்து கவனித்த நாட்களும் உண்டு. கொஞ்சம் தேறுவார், மறுபடி மேடை ஏறுவார். மறுபடி அதே பழக்கம், அதே வலி.

கடைசியில் பிறந்த ஊரான செங்கோட்டையிலேயே உயிர் பிரிந்தது. மைக் இல்லாமலே ஆயிரம் பேரைக் கட்டிப்போட்ட தொண்டை, 27 வயதில் அடங்கிப்போனது.

அப்போ சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்றைக்கு கட்டிய வெள்ளைச் சேலையை சாகும் வரை மாற்றவில்லை. பூ இல்லை, பொட்டு இல்லை. திருநீறு மட்டும்தான். இனி எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். கடைசிவரை அதை மீறவில்லை.

காலி நாற்காலியில் யார்?

கிட்டப்பா இறந்த மறு வருடமே, 1934-ல், ‘பவளக்கொடி’ சினிமா வந்தது. மேடையில் பிரபலமான ஜோடி ஒன்று அப்படியே திரைக்கு வந்தது. எம்.கே.தியாகராஜ பாகவதர், எஸ்.டி.சுப்புலட்சுமி. படத்தில் பாட்டே சுமார் 50. பாகவதர் கிட்டப்பாவைவிட 4 வயது சின்னவர், அவர் பாட்டில் மயங்கியவர். 10 வருடம் கழித்து 1944 தீபாவளிக்கு வந்த பாகவதரின் ‘ஹரிதாஸ்’, மூன்று தீபாவளி கண்டு ஓடியதெல்லாம் ஊர் அறிந்த கதை. அடுத்து புதுக்கோட்டையில் இருந்து பி.யு.சின்னப்பா வந்தார். இரண்டு பேருக்கும் ரசிகர்கள் மோதிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு சோழவந்தான் டி.ஆர்.மகாலிங்கம். கிட்டப்பாவின் ரெக்கார்டுகளைக் கேட்டு வளர்ந்த தொண்டை. அச்சு அசல் கிட்டப்பா பாணி என்று கிழவர்கள் கண் கலங்கினார்கள். 1945-ல் அவர் நடித்து ஓடிய படம் ‘ஸ்ரீவள்ளி’. அதுவும் முருகன் – வள்ளி கதைதான்!

சுந்தராம்பாளையும் சினிமா விடவில்லை. முடியாது என்று எவ்வளவோ தட்டிக் கழித்தார். கடைசியில் 1 லட்சம் ரூபாய் சம்பளம் பேசி ‘பக்த நந்தனார்’ படத்தில் நடித்தார். வருடம் 1935. அந்தக் காலத்து 1 லட்சம் என்றால் யோசித்துப் பாருங்க! அதிலும் அவர் போட்டது நந்தனார் என்ற ஆண் வேஷம். ஜோடி என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்புறம் ‘மணிமேகலை’, 1953-ல் ‘அவ்வையார்’. 1958-ல் சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார்.

1965-ல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தைப் பார்க்காத தமிழன் இல்லை. அதில் அவ்வையாராக வருவது சுந்தராம்பாள். பாணபத்திரராக வருவது டி.ஆர்.மகாலிங்கம். கிட்டப்பாவின் மனைவியும், கிட்டப்பா பாணியைக் காப்பாற்றியவரும் ஒரே படத்தில். கிட்டப்பா உயிரோடு இருந்திருந்தால் அப்போ 59 வயதுதான் ஆகியிருக்கும்.

மிஞ்சியது குரல் மட்டும்

பாகவதரை இன்றைக்கும் படத்தில் பார்க்கலாம். சின்னப்பாவை பார்க்கலாம். கிட்டப்பா எப்படி நடந்தார், எப்படி சிரித்தார், வள்ளியைப் பார்த்து எப்படிக் கண் சிமிட்டினார் என்று காட்ட ஒரு அடி பிலிம்கூட இல்லை. சில போட்டோக்கள் இருக்கின்றன. கிராமபோன் ரெக்கார்டுகள் இருக்கின்றன. அந்தப் பழைய தட்டுகள் இப்போது இன்டர்நெட்டிலும் ஏறிவிட்டன. செல்போனில் தேடினால் கேட்கலாம். கரகர சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல் மேலே ஏறும்போது உடம்பு சிலிர்க்கும்.

இன்னும் 2 வருடம் குடிக்காமல் உடம்பைப் பார்த்திருந்தால் போதும். தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார் செங்கோட்டைக்காரராக இருந்திருப்பார் என்று பழைய ரசிகர்கள் ஆதங்கப்பட்டதில் தப்பே இல்லை.

திறமை மட்டும் இருந்தால் போதாது, அதைத் தாங்க உடம்பும் வேணும். ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு டாஸ்மாக் பக்கம் திரும்பும் ஒவ்வொருவரும் ஒரு நிமிஷம் கிட்டப்பாவை நினைத்துப் பார்க்கலாம். அவருக்கு 27 வயதில் போனது உயிர் மட்டும் இல்லை. வர வேண்டிய ஒரு வாழ்க்கையே போனது.