தொரப்பள்ளியில் பிறந்த சேலம் சேர்மன்

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்று ஒரு கிராமம் இருக்கிறது. கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் எல்லைப்புறம் அது. அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். அந்தக் கிராமத்து முன்சீப் சக்கரவர்த்தி வேங்கடார்ய ஐயங்காருக்கும் சிங்காரம்மாளுக்கும் 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி ஒரு மகன் பிறந்தான். அவர்தான் ராஜாஜி.

ஓசூரில் பள்ளிக்கூடம், பெங்களூரில் காலேஜ், சென்னையில் சட்டப் படிப்பு. 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். வழக்குகள் குவிந்தன, பணமும் குவிந்தது. ஒரு வழக்குக்கு ஆயிரம் ரூபாய் வரை வாங்கினார். சேலத்தில் முதன் முதலில் மோட்டார் கார் வாங்கியவர்களில் அவரும் ஒருவர். மெலிந்த உடம்பு, ஆஸ்துமா வேறு. மனைவி அலர்மேல்மங்கை ஐந்து குழந்தைகளை விட்டுவிட்டு இளம் வயதிலேயே காலமானார்.

இப்படிப்பட்டவருக்கு ஊர்ச் சாக்கடையைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். ஆனால், 1917-ல் அவர் சேலம் முனிசிபாலிட்டி சேர்மன் ஆனார்.

குழாயைத் திறந்தவர் யார்?

அந்தக் காலத்து ஊர் எப்படி இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் அறிய மாட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் எடுப்புக் கக்கூஸ். பின்பக்கச் சந்து வழியாக விடியற்காலையில் தோட்டி வருவார். மலத்தைக் கூடையிலோ வாளியிலோ அள்ளி வண்டியில் கொட்டுவார். வண்டி ஊருக்கு வெளியே போகும். அந்த வேலைக்கு ஆள் எடுப்பதும், சம்பளம் கொடுப்பதும், வண்டி ஓட்டுவதும் முனிசிபாலிட்டியின் பொறுப்பு. வேலை செய்தவர்கள் எந்தச் சாதிக்காரர்கள் என்று சொல்லவே வேண்டாம். ஊரைச் சுத்தம் செய்தவர்களை ஊர் தொடாது. அவர்கள் தொட்ட தண்ணீரையும் குடிக்காது.

ராஜாஜி அந்த இடத்தில்தான் கை வைத்தார். அக்கிரகாரத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்து விடும் வேலையைத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரிடம் கொடுத்தார். வைதிகர்கள் கொதித்து எழுந்தார்கள். சேர்மனும் ஐயங்கார், குடியிருப்பவர்களும் பிராமணர்கள். பிறகு சண்டைக்குக் கேட்பானேன்? சேர்மன் அசையவில்லை. வேண்டியவர்கள் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம், வேண்டாதவர்கள் விட்டுவிடலாம் என்பது அவர் நிலை. தாகத்துக்கு ஆசாரம் தெரியுமா? சில நாளில் எதிர்ப்பு அடங்கியது.

அதே காலத்தில் ஈரோட்டில் முனிசிபல் சேர்மனாக இருந்தவர் பெரியார் ஈ.வெ. ராமசாமி. இருவரும் நெருங்கிய நண்பர்கள். பின்னால் இருவரும் எதிரெதிர் வரிசையில் நின்றார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

பிறகு காந்தியின் அழைப்பு வந்தது. வக்கீல் தொழிலை விட்டார். ஜெயிலுக்குப் போனார். 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். ஆயிரம் ரூபாய் வக்கீல் அங்கே குடிசையில் வாழ்ந்தார். ஆசிரமத்தில் தாழ்த்தப்பட்டவர்களும் மற்றவர்களோடு சேர்ந்து இருந்தார்கள். அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஆசிரமம் அதற்காக மாறவில்லை.

1939 சட்டம்

1937-ல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்தது. ராஜாஜி முதன்மை மந்திரி. மதுவிலக்கு, ஆலயப் பிரவேசம், விற்பனை வரி எல்லாம் அந்த ஆட்சியில் வந்தவை. அவற்றைப் பலரும் அறிவர். அதே ஆட்சியில் 1939-ல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தை யாரும் நினைப்பதில்லை. டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதார மந்திரி. குடிதண்ணீர், சாக்கடை, கக்கூஸ், தொற்றுநோய் எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் கொண்டுவந்தது இந்தியாவில் அதுதான் முதல் தடவை.

ராஜாஜிக்கு விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்லும் ஆசை உண்டு. 1916-லேயே சேலத்தில் தமிழ் விஞ்ஞானச் சொற்களுக்காக நண்பர்களுடன் ஒரு சங்கம் அமைத்தார். திண்ணை ரசாயனம் என்று ஒரு புத்தகமும் எழுதினார். ஆனால் எடுப்புக் கக்கூஸை ஒழிக்க வந்த செப்டிக் டேங்க் மட்டும், எத்தனை தமிழ்ப் பெயர் வைத்தாலும், வீடுகளில் செப்டிக் டேங்காகவே நின்றுவிட்டது!

1953-ல் அவர் மறுபடி முதல் மந்திரி. கிராமப் பள்ளிகளில் பாதி நாள் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளிக்கு வரமுடியாத பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. தோட்டியின் மகன் தோட்டி வேலையா கற்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. பெரியார் அந்த எதிர்ப்பில் முன் நின்றார். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இல்லை. அக்கிரகாரத்தில் குழாய் திறக்க ஆள் வைத்தவருக்கு இது தோன்றாமல் போனது வியப்புதான். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

ராஜாஜி 1972-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி, 94-ம் வயதில் காலமானார். தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லம்.

இன்று தொரப்பள்ளி வட்டாரத்தில்

ஓசூரில் சிப்காட் வந்தது, தொழிற்சாலைகள் வந்தன. சுற்றுப்புறத்தில் புது வீடுகள் முளைத்தன. பாதாளச் சாக்கடை போகாத இடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செப்டிக் டேங்க். கனமான கழிவு அடியில் படியும். எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும். காற்றில்லாமல் வாழும் நுண்கிருமிகள் கழிவைத் தின்று கரைக்கும். இடையிலுள்ள நீர் மட்டும் உறிஞ்சு குழிக்குப் போகும். கரையாத சேறு அடியில் ஏறிக்கொண்டே வரும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் சேறு உறிஞ்சு குழிக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் கக்கூஸில் தண்ணீர் எதிர்த்து வரும். ஆசிட்டையும் பினாயிலையும் அள்ளிக் கொட்டினால் வேலை செய்யும் கிருமிகளே செத்துப்போகும்.

மூடியைத் திறந்து ஆளை இறக்குவது மட்டும் கூடவே கூடாது. உள்ளே இருக்கும் விஷவாயு சில நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்றக் குதிப்பவரும் பிழைப்பதில்லை. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி இது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை ஜெயில், இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். வேலையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் தரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2023-ல் சொன்னது.

உறிஞ்சும் லாரியைக் கூப்பிடும்போது உள்ளாட்சியின் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். 14420 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் விசாரிக்கலாம். எடுத்த சேற்றை எங்கே கொட்டுகிறார்கள் என்பதையும் கேட்பது நல்லது. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகவேண்டியது ஏரியில் விழுந்தால், அது கிணறு வழியாக நம் வீட்டுக் குடத்துக்கே திரும்பி வரும்.