எலும்பு முறிஞ்சும் ஸ்டியரிங் பிடிச்சவர்

கார் பந்தயம்னா நமக்கு ஷூமாக்கர், நரேன் கார்த்திகேயன்தான் ஞாபகம் வரும். நான் எழுதுவது அமெரிக்க 'ஸ்டாக் கார்' வீரர் டேல் எர்ன்ஹார்ட் பற்றி. (ஸ்டாக் கார்னா, பார்க்க ரோட்டுல ஓடுற கார் மாதிரியே இருக்கும்!) 1951-ல் வட கரோலினாவில் பிறந்தார். அப்பாவும் பந்தய வீரர். 7 தடவை சாம்பியன், 76 வெற்றி.

1979-ல் போகோனோ விபத்தால் 4 பந்தயம் போச்சு. ஆனாலும் அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் அவர்தான்.

1996 ஜூலையில் டல்லடேகா. கார் சுவரில் மோதிப் புரண்டது. பின்னால வந்த கார்களும் இடிச்சன. காறை எலும்பு, மார்பெலும்பு இரண்டும் முறிந்தன. மனுஷன் நடந்தே ஆம்புலன்சுக்குப் போனார்! அடுத்த வாரம் சில சுற்று ஓட்டிவிட்டு, காரை வேறொருவரிடம் கொடுத்துட்டு அழுதார். அந்த அழுகைதான் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்க வைத்தது. அதற்கடுத்த வாரம் வாட்கின்ஸ் கிளென். இடதும் வலதுமா வளையுற பாதை. தகுதிச் சுற்றில் சாதனை வேகம், பந்தயத்தில் 6-வது இடம்!

2001 பிப்ரவரி 18, டேடோனா, கடைசிச் சுற்று. டிவியில் பார்த்தவர்களுக்குப் பெரிய விபத்தாகவே தெரியலை. ஆனா மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்துவிட்டார். தலையையும் கழுத்தையும் காக்கும் 'ஹான்ஸ்' கருவி அப்போதே இருந்தது, அவர் போடலை. அந்த அக்டோபரில் இப்படிப்பட்ட கருவி எல்லா வீரர்களுக்கும் கட்டாயமாச்சு.